பல் இருக்கும்போதே

கனிந்தெயூ மாவட்டம், பிப்ரவரி, இரண்டாம் போக சோயா.
வயலுக்கு நூறு தண்டு, தண்டுக்கு ஒரு கீறல்.
நிமியா அசுன்சியோனிலிருந்து கொண்டுவந்த கத்தி
என் நகத்தைவிட மெல்லியது.
தண்டுக்கணக்கில் கூலி இல்லை, நாள்கணக்கில்தான்;
ஆகவே நிதானமாகக் கீறுகிறேன்.

வெளியே ஒன்றும் தெரியாது.
இலை பச்சை, பூ ஊதா, காய் பிடித்திருக்கிறது.
பயிர் பொய் சொல்லாது என்பார் என் கொழுந்தன்.
நன்றாகவே சொல்லும்.
தண்டு இரண்டாகப் பிளந்தால்
வெள்ளை நெட்டியின் நடுவே செங்காவியில் ஒரு தடம்,
கள்ளச்சாராயம் குடித்தவன் வீடு திரும்பியதுபோல்
இந்தச் சுவரில் இடித்து, அந்தச் சுவரில் இடித்து.

தடத்தின் முடிவில் ஆள்.
நொய்யரிசி அளவு. தலை என்று தனியாக ஒன்றுமில்லை.
வாயில் மட்டும் கறுப்பாய் இரண்டு கொக்கி.

இலையின் அடியில் முட்டையாக ஒட்டி,
நரம்புக்குள் இறங்கி, காம்பு வழியே நடந்து,
தண்டை அடைந்திருக்கிறது. வழி நெடுகக் கூரை;
ஒரு சொட்டு மழை அதன்மேல் விழவில்லை.
எங்கள் குவாரனியில் எல்லா ஈயும் ம்பெருதான்.
நிமியா இதற்கு இரண்டு லத்தீன் சொல் வைத்திருக்கிறாள்.
வளர்ந்தபின் எள்ளைவிடச் சிறிசு, கறுப்பு, எண்ணெய் மினுக்கம்.

மதியம், தெரெரே குவளை கைமாறுகையில்,
வரைபடத்தை விரித்தாள்.
இந்தியா, ஜாவா, எகிப்து, பிறகு கடல் தாண்டி இங்கே.
சிவப்புப் புள்ளிகள்.
எங்கள் ஊர்மேல் ஒன்றுமில்லை.
"இங்கே ஈ இல்லையா?"
"இங்கே யாரும் தண்டைக் கீறிப் பார்த்ததில்லை."
ஆக, அது ஈயின் வரைபடம் இல்லை.
கத்தி போன இடங்களின் வரைபடம்.

அறுபத்திரண்டாம் தண்டில் ஒரு கூட்டுப்புழு,
பழுப்பு உறைக்குள் சுருண்டு, அசையாமல்.
பக்கத்திலேயே தண்டின் சுவரில் வட்டமாக ஒரு துளை.
யார் போட்டது என்றேன்.
அதுவேதான்; உறங்கப் போகுமுன்.
ஈயாக எழும்போது கொக்கி இருக்காது, ருமில்டா,
அப்போது நக்கத்தான் தெரியும், அறுக்கத் தெரியாது.
கதவை இப்போதே வைக்காவிட்டால்
சிறகோடு உள்ளேயே சாகும்.

கத்தியைப் பாவாடையில் துடைத்தேன்.
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

மறுநாள் காலை எங்கள் எட்டு ஹெக்டேருக்குக் குத்தகைப் பத்திரம்.
பத்து வருஷம். வில்மார் ஹென்கேயின் கம்பெனி.
என் கணவன் எலிஹியோ பேனாவைத் திறந்துவிட்டான்.
நில்லு என்றேன்.
மூன்றாம் அறுவடை முடிந்ததும்
வேண்டுமென்றால் நாங்கள் வெளியேறலாம் என்று
ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.
வில்மார் சிரித்தார்: இப்போதே எதற்கு அம்மா,
அந்த நேரம் வரும்போது பேசிக்கொள்ளலாமே?

அந்த நேரம் வரும்போது
எங்களிடம் உழவு மாடு இருக்காது, விதை இருக்காது,
எலிஹியோவின் முதுகு இருக்காது.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
ஒரு வரி, என்றேன். அவ்வளவுதான்.

பத்திரம் கையெழுத்தாகாமல் கூரியூவாத்தி நகரத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது.
வரி வருமா, வேறு குத்தகைக்காரன் வருவானா, தெரியாது.
எலிஹியோ இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை;
சாப்பிடுகிறான்.

இன்று கிழக்கு வயல்.
முப்பத்தேழாம் தண்டில் துளை திறந்திருந்தது,
உறை பிளந்து, உள்ளே ஊதினால் பறக்கும் தோல்.
"ஆள் இல்லை, இதை எப்படி எழுத?" என்று கத்தினேன்.
வரிசையின் அந்தக் கடைசியிலிருந்து நிமியா:
"தாக்கப்பட்டது என்றே எழுது.
போனதையும் சேர்த்துத்தான் கணக்கு."

எழுதினேன். முப்பத்தெட்டை எடுத்தேன்.
தண்டு ஈரமாக இருந்தது, கத்தி கொஞ்சம் வழுக்கியது.